ஊதியத் திருத்தத் தேதியும் பணிமூப்பும்: மூத்தோர்–இளையோர் ஊதிய முரண்பாடு குறித்து

அரசுப் பணியில் ஒரே பதவியில் இருக்கும் இருவருள், பணிமூப்புப் பட்டியலில் மேலே உள்ளவர் கீழே உள்ளவரைவிடக் குறைந்த அடிப்படை ஊதியம் பெற நேர்வது மூத்தோர்–இளையோர் ஊதிய முரண்பாடு எனப்படுகிறது. இளையவர் கூடுதலாகப் பெறத் தொடங்கிய நாள் முதல் மூத்தவரின் ஊதியத்தை அதற்கு இணையாக உயர்த்தி நிர்ணயிக்கும் ஏற்பாடு பணி விதிகளில் நெடுங்காலமாகவே இருந்தும், இது தொடர்பான வழக்குகள் தீர்ப்பாயங்களிலும் நீதிமன்றங்களிலும் குறைந்தபாடில்லை. இம்முரண்பாட்டில் பெரும்பகுதி இருவரின் தகுதியிலோ உழைப்பிலோ தோன்றுவதில்லை. ஒரு விதித்தொகுப்பு முடிந்து மற்றொன்று தொடங்கும் தேதியிலும், இருவேறு விதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் உரசும் இடத்திலும் தோன்றுகிறது. ஆகவே அதைக் களையும் பொறுப்பு விதியை வகுத்த அரசையே சாரும் என்பதும், பாதிக்கப்பட்டவரே கண்டறிந்து மனுச் செய்யட்டும் என்று விட்டிருக்கும் இன்றைய நடைமுறை அப்பொறுப்பை ஊழியர் தலையில் ஏற்றிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பதவி உயர்வு பெறுபவருக்கு, கீழ்ப்பதவியில் அவர் பெற்றுவந்த ஊதியத்தோடு ஓர் ஆண்டு ஊதிய உயர்வைக் கருத்தியலாகச் சேர்த்து, அத்தொகைக்கு அடுத்துள்ள நிலையில் மேல்பதவியின் ஊதியம் நிர்ணயிக்கப்படுகிறது. மத்திய அரசில் முன்னர் அடிப்படை விதி 22-சி என்றும் 1989-க்குப் பின் 22(1)(ஏ)(1) என்றும் அறியப்படும் இவ்விதி, தமிழ்நாட்டில் 22-பி என வழங்குகிறது. இதன்படி எல்லாமே பதவி உயர்வு நாளில் கீழ்ப்பதவியில் இருந்த ஊதியத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டிலோ, ஒரே பதவியில் பத்தாண்டுகள் முடித்தவருக்குத் தேர்வுநிலையும், அதன்பின் மேலும் பத்தாண்டுகள் முடித்தவருக்குச் சிறப்புநிலையும் தனியே வழங்கப்படுகின்றன. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த இருவருள் மூத்தவருக்கு ஒன்பதாம் ஆண்டில் பதவி உயர்வு கிடைக்கிறது என்றும், காலிப்பணியிடம் இல்லாமையால் இளையவர் பதினோராம் ஆண்டுவரை காத்திருக்கிறார் என்றும் கொள்வோம். அதற்குள் இளையவர் தேர்வுநிலை பெற்றுவிடுவதால், அந்த உயர்ந்த ஊதியமே அவருடைய பதவி உயர்வுக் கணக்கின் அடித்தளமாகிறது. இரண்டாண்டு முன்னதாகவே மேல்பதவியின் சுமையை ஏற்ற மூத்தவரோ அவருக்குக் கீழே நின்றுவிடுகிறார். முன்னதாகக் கிடைத்த பதவி உயர்வே இழப்பாக மாறும் இந்த விளைவை எந்த விதியும் விரும்பி வகுக்கவில்லை என்றாலும், இரு விதிகளும் சேரும்போது அது தவறாமல் விளைகிறது.

மூத்தவரின் ஊதியத்தை உயர்த்தி நிர்ணயிப்பதற்கான நிபந்தனைகளை மத்திய நிதி அமைச்சகத்தின் 1966 பிப்ரவரி 4 நாளிட்ட ஆணை வரையறுத்தது: இருவரும் ஒரே பணிப்பிரிவில், ஒரே வகைப் பதவிகளில் இருக்க வேண்டும்; இரு பதவிகளின் ஊதிய விகிதங்களும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; முரண்பாடு 22-சி விதியின் நேரடி விளைவாக இருக்க வேண்டும். மூன்றாம் நிபந்தனையே வழக்குகளின் மையம். சுவாமிநாதன் வழக்கில் (1997) உச்ச நீதிமன்றம், இளையவர்கள் தத்தம் வட்டங்களில் தற்காலிகமாக மேல்பதவி வகித்ததால் பெற்ற ஊதிய உயர்வுகளே வேறுபாட்டுக்குக் காரணம் என்றும், அது விதியின் நேரடி விளைவு ஆகாது என்றும் கூறி மூத்தவர்களின் கோரிக்கையை மறுத்தது. கூடுதல் பொறுப்பைச் சுமந்தவர் அதற்கான பயனைப் பெறுவது முறையே என்ற அளவில் இத்தீர்ப்பு ஏற்கத்தக்கது. ஆனால் பணிமூப்பு அகில இந்திய அளவிலும் தற்காலிகப் பொறுப்பு அந்தந்த வட்ட அளவிலும் கணக்கிடப்படும்போது, வேறொரு வட்டத்தில் பணியாற்றிய மூத்தவருக்கு அப்பொறுப்பை ஏற்பதற்கான வாய்ப்பே தரப்படவில்லை என்பதும் உண்மை. நேரடி விளைவு என்ற அளவுகோல் இந்த உண்மையைக் கணக்கில் கொள்வதில்லை.

நீதிமன்றங்களின் நிலைப்பாடும் ஒரே சீராக இல்லை. ஒரே பணிப்பிரிவினர் அனைவரும் ஒரே ஊதியம் பெற்றாக வேண்டும் என்பது சம வேலைக்குச் சம ஊதியக் கோட்பாட்டின் பொருளாகாது என்று 1989-இல் சீனிவாச ராவ் வழக்கிலும், மூத்தவரின் ஊதியம் இளையவருக்குக் கீழே நிற்பதைச் சரிசெய்ய வேண்டும் என்று 2009-இல் குருசரண் சிங் கிரேவால் வழக்கிலும் உச்ச நீதிமன்றமே கூறியுள்ளது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவே நிற்கும் ஊழியர் எதை நம்பி மனுச் செய்வது என்பது எளிதில் விடை காணக்கூடிய வினா அன்று. இதனோடு காலமும் அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. தவறான ஊதிய நிர்ணயம் மாதந்தோறும் தொடரும் குறை என்று எம்.ஆர். குப்தா வழக்கில் (1995) ஏற்கப்பட்டதால் கோரிக்கை காலாவதியாவதில்லை. ஆயினும் தர்சேம் சிங் வழக்குக்குப் (2008) பின் நிலுவைத் தொகை பொதுவாக மூன்றாண்டுகளுக்கே கிடைக்கிறது. சக ஊழியரின் சம்பளப் பட்டியலைப் பார்க்க வாய்ப்பில்லாத ஒருவர் பத்தாண்டு கழித்து முரண்பாட்டை அறிந்தால், ஏழாண்டு இழப்பு அரசின் கணக்கில் மிச்சமாகிவிடுகிறது.

இதுவரை கூறப்பட்டவை மூத்தவரின் குறைகள். இளையவரின் குறைக்கு இந்த விதிகளில் இடமே இல்லை என்பதைத் தமிழ்நாட்டு இடைநிலை ஆசிரியர் சிக்கல் காட்டுகிறது. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டிய தமிழ்நாடு ஊதியத் திருத்த ஆணை 2009 ஜூன் 1 அன்று வெளியானது. அதற்கு முந்தைய நாள்வரை பணியில் சேர்ந்தவர்களுக்கு, பழைய விகிதத்தின் தொடக்க ஊதியமான 4,500 ரூபாய் 1.86-ஆல் பெருக்கப்பட்டு 8,370 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது; ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கோ புதிய ஊதியக் கட்டின் அடிமட்டமான 5,200 ரூபாயே கிடைத்தது. தர ஊதியம் இருவருக்கும் 2,800 ரூபாய். கல்வித் தகுதி, வகுப்பறை, பாடநூல் யாவும் ஒன்றே. ஆண்டு ஊதிய உயர்வு, ஊதியமும் தர ஊதியமும் சேர்ந்த தொகையில் 3 விழுக்காடு என்பதால், ஒருவருக்கு ஏறத்தாழ 335 ரூபாயும் மற்றவருக்கு 240 ரூபாயும் கூடின. 3,170 ரூபாய் இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் அகன்றது, அகவிலைப்படி அதைப் பின்னும் பெருக்கியது. தொடக்க இடைவெளியை மட்டும் 2016-இன் 2.57 பெருக்குக் காரணியால் பெருக்கினாலே அது 8,000 ரூபாயைத் தாண்டுகிறது. 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்ததன் பின்புலம் இந்தக் கணக்கே.

இந்த இழப்பு தவிர்க்கக்கூடியதாகவே இருந்தது. 2008 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் திருத்திய ஊதிய விதிகள், புதிதாகச் சேர்வோருக்கெனத் தனி நுழைவு ஊதிய அட்டவணையை வகுத்து, 2,800 ரூபாய் தர ஊதியத்திற்கு உரிய தொடக்க ஊதியத்தை 8,560 ரூபாய் என்று வரையறுத்திருந்தன. மாநில ஆணை அதற்கு ஒன்பது மாதங்களுக்குப் பின் வந்ததாயினும், அந்த அட்டவணையின் பயன் இவ்வாசிரியர்களைச் சென்றடையவில்லை. மத்திய அரசிலேயே அந்த நுழைவு ஊதியம், பதவி உயர்வு வழியாக வந்த மூத்தவர்கள் நேரடியாக நியமிக்கப்பட்ட இளையவர்களைவிடக் குறைவாகப் பெறும் எதிர்த்திசை முரண்பாட்டை உண்டாக்கியதையும் மறைக்க வேண்டியதில்லை; புதியவருக்கு நுழைவு ஊதியம் வகுக்கும்போதே பழையவரின் ஊதியத்தையும் அதற்கு இணையாக்கும் விதி உடன் வர வேண்டும் என்பதையே அது உணர்த்துகிறது.

நிதிச்சுமை என்ற எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் திருத்த ஆணை வரும் நாளிலேயே கணக்கிடப்படும் சுமை சிறியது. பதினைந்து ஆண்டுகள் அடுக்கடுக்காக ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் சேர்ந்தபின் கணக்கிடப்படுவதே மலைக்க வைக்கிறது. மத்திய அரசு எட்டாவது ஊதியக் குழுவை அறிவித்துவிட்ட நிலையில், மாநிலங்களும் அதன் வழியில் ஆணைகள் வெளியிடும் காலம் வரும். தமிழ்நாட்டில் ஊதியப் பட்டியலும் பணிப்பதிவேடும் களஞ்சியம் என்னும் ஒரே கணினி அமைப்புக்குள் வந்திருப்பதால், ஒவ்வொரு பணிப்பிரிவின் பணிமூப்புப் பட்டியலோடும் புதிய ஊதியத்தை ஒப்பிட்டு, முரண்பட்ட இடங்களை எவரும் மனுச் செய்யாமலேயே நிர்ணய ஆணையில் திருத்தும் கடமையைச் சம்பளம் வழங்கும் அலுவலருக்கு அந்த ஆணைகள் விதிக்கலாம். திருத்தப்படும் நாள் எதுவாயினும், நிலுவை முரண்பாடு தோன்றிய நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்றும் அவற்றிலேயே எழுதலாம்.