மரபணு மாற்ற மக்காச்சோளமும் கறிக்கோழித் தீவனமும்

வேறோர் உயிரியின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய மக்காச்சோளத்தைக் கறிக்கோழிக்குத் தீனியாகக் கொடுப்பது அமெரிக்காவில் 1996-க்குப் பின் வழக்கமானது. கறிக்கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். மீதியில் பெரும்பங்கு சோயாப் புண்ணாக்கு. சென்னை இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஞாயிறு காலை தராசில் ஏறும் கோழியை இறகு முளைத்த மக்காச்சோளம் என்றே சொல்லலாம். இந்தியாவில் மரபணு மாற்ற மக்காச்சோளத்தைப் பயிரிட அனுமதி இல்லை. தமிழ்நாட்டுத் தீவன ஆலைகள் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து மக்காச்சோளத்தையும் வெளிமாநிலச் சரக்கையும் அரைக்கின்றன.

மரபணு மாற்றத் தீவனத்தைச் சோதிக்க விஞ்ஞானிகள் முதலில் கறிக்கோழியை நாடியதில் வியப்பில்லை. நாற்பது கிராம் குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். தீனியில் சிறு குறை இருந்தாலும் எடையில் உடனே தெரியும்.

முன்னோடி ஆய்வு 1998-இல் வெளிவந்தது. வட கரோலினாவில் பிரேக், விலாகோஸ் ஆகிய இருவரும் 1,280 கோழிகளை 38 நாள் வளர்த்தனர். ஒரு பகுதிக்கு '176' எனப்பட்ட பி.டி. மக்காச்சோளம், மறு பகுதிக்குச் சாதாரண மக்காச்சோளம். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவின் மரபணுவைப் பெற்ற அந்த மக்காச்சோளம் தண்டுத் துளைப்பானைக் கொல்லும் புரதத்தைத் தானே சுரக்கும். கோழிகளின் எடையிலோ இறப்பிலோ கெடுதல் தெரியவில்லை. தீனியை எடையாக மாற்றும் திறன் பி.டி. பக்கம் சற்றே மேலாகக்கூட இருந்தது. விலாகோஸ் விதை நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை எதிர்ப்பாளர்கள் சுட்டுவதுண்டு. ஆனால் பல்கலைக்கழகங்கள் பின்னர் செய்த சோதனைகளும் ஏறக்குறைய இதே முடிவையே தந்தன.

பிரிட்டனில் எழுந்த சர்ச்சை வேறு விதமானது. களைக்கொல்லியைத் தாங்கும் டி25 மக்காச்சோளத்தைத் தின்ற கோழிகளில் இறப்பு இரு மடங்கு என்று 2000-களின் தொடக்கத்தில் நடந்த பொது விசாரணையில் வாதிட்டார்கள். குழுவுக்கு 140 கோழிகள். ஒன்றில் பத்து, மற்றதில் ஐந்து இறப்பு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இந்த வேறுபாடு தற்செயலாகவே வந்துவிடலாம். அரசு அனுமதி தந்த பிறகும் 2004-இல் விதை நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு முன்பே அமெரிக்காவில், கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட ஸ்டார்லிங்க் மக்காச்சோளம் 2000-இல் மனிதர் உண்ணும் டாகோ எனும் தின்பண்டத்தின் ஓடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுக் கடைகளிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டது. கோழியின் நலம் அங்கே பேச்சிலேயே இல்லை.

சீனா 2009-இல் ஃபைட்டேஸ் நொதி கொண்ட மக்காச்சோளத்துக்கு உயிரியல் பாதுகாப்புச் சான்று வழங்கியது. கோழியால் செரிக்க முடியாமல் எச்சத்தில் வீணாகும் பாஸ்பரஸை விடுவிப்பதே நோக்கம். கோழிக்கும் பன்றிக்குமென்றே திட்டமிட்ட பயிர் இது.

இந்தியாவில் இவ்வகை ஆய்வுகள் உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரிலுள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்தன. அங்கே கோழிக்குப் பி.டி. பருத்தி விதைப் புண்ணாக்கும், பின்னர் பி.டி. கத்தரிக்காயும் கொடுத்துப் பார்த்தார்கள். கோழிக்குக் கத்தரிக்காய் போடும் பண்ணைக்காரர் எவரும் இல்லை. கத்தரியின் பாதுகாப்பை அறியவே கோழி தேவைப்பட்டது. அந்தக் கத்தரியின் வணிகச் சாகுபடியும் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது.

2021-இல் சோயாப் புண்ணாக்கு விலை கிலோ 90 ரூபாயைத் தாண்டவே, பண்ணையாளர்கள் இறக்குமதி கேட்டனர். ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்குக்கு வழிவிட்டது. நொறுக்கி எண்ணெய் எடுத்த சக்கையில் உயிருள்ள உயிரி இல்லை என்பதே சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வாதம். முழு மக்காச்சோளத்துக்கு இந்த வாதம் செல்லாது: விதைத்தால் முளைக்கும். எனவே அது 1989-ஆம் ஆண்டு விதிகளின் பிடிக்குள் நிற்கிறது. சோயாப் புண்ணாக்கு இறக்குமதிக்கான முதல் அறிவிக்கையில் நவ சேவா துறைமுகமும் பெட்ராபோல் எல்லைச் சாவடியும் மட்டுமே இடம்பெற்றன. சென்னை, எண்ணூர் துறைமுகங்களுக்கு அதில் இடமில்லை. மரபணு மாற்றச் சோயாவின் எண்ணெய்க்கோ 2007-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. உணவுக்காக வரும் மக்காச்சோளம் உள்ளிட்ட 24 பயிர்களுக்கு 2021 முதல் மரபணு மாற்றமற்றது என்ற சான்று வேண்டும். தவறிக் கலப்பது ஒரு சதவீதம் வரை பொறுக்கப்படும்.

நாள்தோறும் தீவன ஆலையை அலைக்கழிப்பது மரபணு அல்ல, ஈரமும் அஃப்ளாடாக்சின் பூஞ்சை நஞ்சுமே. இவற்றைச் சோதிக்க, மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பரிசோதனைக் கூடம் நாமக்கல்லில் இயங்குகிறது.

எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளம் வாங்கத் தொடங்கியதால் விலை ஏறியது. 2024-இல் சலுகை வரியில் சுமார் 5 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கிடைத்தது.