பழைய கார்களின் கிளட்ச் இணைப்பு

கிளட்ச் இணைப்பு என்பது, ஓட்டுநர் மிதிக்கும் கிளட்ச் மிதியின் அசைவைக் கியர்பெட்டிக்கு முன்னாலுள்ள கிளட்ச் வரை கொண்டுசெல்லும் தண்டுகள், நெம்புகோல்கள், பின்கள், புஷ்கள் ஆகியவற்றின் தொகுதி ஆகும். கிளட்ச்சுக்கு 'விடுபற்றி' என்ற கலைச்சொல் உண்டு. பட்டறைகளில் கிளட்ச் என்றே வழங்குகிறது. 1950களில் ஓடிய சிறிய கார்கள் பலவற்றில் இவ்விணைப்பு முழுவதும் இரும்புக் கம்பிகளால் ஆனது. எஞ்சின் நன்றாக இருந்தும் கார் ஓட்ட முடியாமல் போவதற்கு இதன் தேய்மானமே காரணமாக இருப்பதுண்டு.

மோரிஸ் மைனரின் அமைப்பு

இவ்வகை இணைப்புக்குத் தெளிவான எடுத்துக்காட்டு மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகள் தயாரிக்கப்பட்டன. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதன் தொடக்ககால வடிவத்தைப் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது.

மைனரின் மிதி, தரைத்தகட்டுக்குக் கீழே சேசிஸில் உள்ள ஒரு தண்டைப் பற்றி அசைகிறது. அங்கிருந்து செல்லும் கம்பி ஓர் இடைத்தண்டைத் திருப்புகிறது. இடைத்தண்டின் ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை எஞ்சின்-கியர்பெட்டிப் பகுதியிலும் தாங்கப்பட்டிருக்கும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அசைவதால் இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. இரண்டாவது கம்பி கிளட்ச் போர்க்கை இழுக்க, போர்க்கின் நுனியிலுள்ள கார்பன் வளையம் கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும். மிதியிலிருந்து போர்க் வரை பின்னும் துளையும் உரசும் இடங்கள் ஏழெட்டு இருக்கின்றன.

கரிசல் புழுதி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழை குறைந்த மானாவாரி நிலம். கரிசல் மண் கோடையில் மாவாகப் பறக்கும். வடகிழக்குப் பருவமழையில் களியாக ஒட்டும். தரைக்குக் கீழே திறந்து கிடக்கும் கிளட்ச் இணைப்புக்கு இரண்டுமே பகை. திறந்த பின்மேல் பூசிய கிரீஸில் புழுதி சேர்ந்தால் அது உப்புத்தாள்போல இரும்பை அராவிவிடும். நிறைய கிரீஸ் வைத்தால் போதும் என்ற பொதுவான நம்பிக்கை இவ்வூர்களுக்குப் பொருந்தாது. பழையதைத் துடைத்தெடுத்த பிறகே புதியதை வைக்க வேண்டும்.

தேய்மானத்தின் கணக்கு

மிதி நகரும் தூரம் கிளட்ச் வளையம் நகரும் தூரத்தைப்போல 10 மடங்கு என்று கொள்வோம். போர்க்கின் அருகில் அரை மில்லிமீட்டர் தளர்வு ஏற்பட்டால், மிதியில் 5 மில்லிமீட்டர் வரை வீணாகும். அதே தளர்வு மிதியின் அருகில் இருந்தால் இழப்பு மிகக் குறைவு. கண்ணுக்கு எளிதில் படும் மிதிப் பின்னை மட்டும் மாற்றிப் பயன் காணாதவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கியர் கரகரத்தவுடன் சரிசெய்யும் கம்பியை முறுக்குவது. தளர்ந்த இணைப்பில், மிதியில் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் பின்களின் ஆட்டம்தான். அதைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறைத்தால் கார்பன் வளையத்துக்கு உரிய இடைவெளி இல்லாமல் போகும். வளையம் ஓயாமல் உரசித் தேயும். பிறகு கியர்பெட்டியையோ எஞ்சினையோ இறக்க வேண்டிவரும். சிறு பின்னில் முடியவேண்டிய செலவு அங்கே போய் நிற்கும்.

பழுதுநீக்கம்

1950களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கார் பொருத்தும் பணியை நிறுத்தின. இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர, வெளிநாட்டு உதிரிபாகங்கள் அரிதாயின. அத்தட்டுப்பாட்டுக் காலத்தைத் தாங்கும் தன்மை இரும்புக் கம்பி இணைப்புக்கு இருந்தது. நூற்பாலைகளும் விசைத்தறிகளும் உள்ள அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் லேத் பட்டறை புதிதல்ல. முட்டைவடிவாகிவிட்ட துளையைப் பற்றவைத்து அடைத்து மீண்டும் துளையிடலாம். அல்லது அகலமாகக் கடைந்து கன்மெட்டல் புஷ் இறக்கலாம். பின்னைப் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். புஷ்ஷைவிடப் பின் தேய்வது நல்லதா என்ற வாதம் உண்டு. மலிவானதும் கழற்ற எளிதானதும் எதுவோ அது தேயும்படி விடுவதே முறை.

இலங்கையில் மோரிஸ் மைனர்கள் நெடுங்காலம் அன்றாட வண்டிகளாகவே ஓடின. பாத் நகரில் மோரிஸ் மைனர் மையத்தை நடத்திய சார்லஸ் வேர், 1990களில் இலங்கைக் கூட்டாளியுடன் சேர்ந்து அங்கே இக்காருக்கான உதிரிபாகங்களைத் தயாரிக்க முனைந்தார்.

மேம்பாடுகள்

கார்பன் வளையத்துக்குப் பதில் உருளைத் தாங்கி, சாதாரணப் பின்னுக்குப் பதில் கோளமூட்டு, எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் ஆகியவை இன்று பொருத்தப்படுகின்றன. இன்னும் மேலே போகிறவர்கள் இணைப்பையே எடுத்துவிட்டுத் திரவ அழுத்த முறைக்கு மாறுகிறார்கள். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இம்முறை முதலிலேயே இருந்தது. மிதி இலகுவாகும், எஞ்சின் அசைவும் தொந்தரவு தராது. ஆனால் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரை எந்த லேத்திலும் கடைய முடியாது. அது கிடைக்கும் ஊரில் இருப்பவருக்கே இம்மாற்றம் ஏற்றது.

எந்த வேலைக்கும் முன் எஞ்சினின் ரப்பர் தாங்கிகளைப் பார்த்துவிட வேண்டும். அவை எண்ணெய் ஊறி இளகியிருந்தால், புதிய புஷ் போட்ட பிறகும் வண்டி உதறிக்கொண்டுதான் கிளம்பும்.