கருங்காலி நாற்காலியும் கார்டினல் கதையும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பழைய வீடுகளில் செதுக்கு வேலை செய்த கை வைத்த நாற்காலி ஒன்று கிடந்தால், கூடவே ஒரு கதையும் கிடக்கும். "ஜமீன் ஒழிப்பு வந்தப்போ அரண்மனையிலிருந்து தாத்தா வாங்கினது" என்பார்கள். 1948இல் ஒழிப்புச் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் இப்படிச் சொல்லப்படும் நாற்காலிகளையெல்லாம் ஒன்றாகப் போட்டால், எட்டயபுரம் அரண்மனையில் ராஜா நடக்கவே இடம் இருந்திருக்காது!

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. நம் சோழமண்டலக் கரையில் செய்த நாற்காலிகளுக்கே இங்கிலாந்தில் இப்படி ஒரு கதை கட்டிவிட்டார்கள்.

18ஆம் நூற்றாண்டில் அங்கே ஹொரேஸ் வால்போல் என்று ஒருவர் இருந்தார். பிரதமராக இருந்தவரின் மகன், எழுத்தாளர், பழம்பொருள் என்றால் உயிர். ஈஷர் என்ற ஊரிலுள்ள மாளிகையில் கன்னங்கரேல் என்று செதுக்கு வேலை நிறைந்த நாற்காலிகளைப் பார்த்தார். அந்த மாளிகையில் ஒரு காலத்தில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்சி குடியிருந்தார். ஆகவே நாற்காலிகளும் வுல்சியுடையவை, அந்தக் காலத்து ஆங்கிலேய வேலைப்பாடு என்று முடிவு கட்டிவிட்டார். அதே மாதிரி நாற்காலிகளைத் தேடி, 1763இல் ஓர் ஏலத்தில் வாங்கித் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் போட்டார். அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டிலும் இந்த நம்பிக்கை நீடித்தது. இன்னொரு கதைப்படி, 1662இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரின் இரண்டாம் சார்லஸை மணந்தபோது, பம்பாயைப் போலவே இவையும் சீதனமாக வந்தனவாம்.

கதை என்ன சொன்னாலும், நாற்காலி வேறு சொன்னது. வுல்சி இறந்தது 1530இல். கயிறு முறுக்கியது போலக் கடைந்த கால்கள் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது அடுத்த நூற்றாண்டில். பிரம்பு பின்னிய இருக்கை இங்கிலாந்தில் பரவியது 1660களுக்குப் பிறகு. மரமோ கருங்காலி. அந்தப் பெயரில் நம் பக்கம் வேறு மரமும் உண்டு; நான் சொல்வது எபனி எனப்படும் மரம். நடுவயிரம் மட்டும்தான் கறுப்பு. தண்ணீரில் போட்டால் மூழ்கும். இங்கிலாந்தில் இது வளராது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும்.

1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். பழவேற்காட்டில் அதற்கு முன்பே கோட்டை கட்டியிருந்தார்கள். கப்பலில் வந்தவர்கள் தங்கள் ஊர் வடிவில் நாற்காலி கேட்டார்கள். நம் கரைத் தச்சர்கள் அந்த வடிவத்துக்குள் பூவும் கொடியும் பறவையும் கடற்கன்னியும் செதுக்கினார்கள். சோழமண்டலக் கரையில் கருங்காலியில் நாற்காலியும் பெஞ்சும் சிறு மேசையும் செய்வதை, டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த ரம்பியஸ் என்ற தாவரவியல் அறிஞர் எழுதியே வைத்திருக்கிறார். அவர் இறந்தது 1702இல். இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் இவற்றைச் சோழமண்டலக் கரை நாற்காலிகள் என்றே குறிக்கிறது.

உட்கார்ந்தவர், விற்றவர், வாங்கியவர் பெயரெல்லாம் ஏட்டில் இருக்கிறது. செதுக்கியவன் பெயர் ஒன்றுகூட இல்லை. அவன் எந்த ஊர்க்காரன் என்பதையாவது மரமும் கைவேலையும் காட்டிக்கொடுத்தன.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பழைய சாமான் வாங்குகிறவர்கள் நம் கிராமங்களில் சுற்றுகிறார்கள். கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். கொடுப்பதற்கு முன்னால் நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். தேக்கா, பூவரசா என்று வயதான தச்சரிடம் கேளுங்கள். பொருத்துகளில் மர ஆணியா, இரும்புத் திருகாணியா? கூர்முனைத் திருகாணி பரவியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அது ஆதியிலிருந்தே இருந்த ஆணி என்றால் நாற்காலி அதற்கு முந்தியதாக இருக்காது. அடிப்பலகையில் வாள் தடம் கோணல்மாணலாக இருந்தால் கைவாள். ஒரே அளவில் வளைந்து வளைந்து போனால் மில்லில் வட்ட வாளில் அறுத்தது. நம் ஊருக்கு ரயில் வந்தது 1876இல். கனமான சாமான் வெளியூரிலிருந்து வருவது அதன்பின் சுலபமாயிற்று. அதையும் கணக்கில் வையுங்கள்.

பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: யார் செய்தது, எந்த ஊர்த் தச்சர், என்ன கொடுத்தார்கள், யார் யார் கைக்கு மாறியது? அரண்மனைக் கதையையும் எழுதுங்கள்; யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேதி போட்டு, உறையில் வைத்து, இருக்கைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். செய்த தச்சரின் பெயர் தெரிந்தால் அதை முதல் வரியாக எழுதுங்கள்.

உங்கள் வீட்டு நாற்காலி படம் இருந்தால் கீழே போடுங்கள். அடிப்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.