கறிவேப்பிலைச் செடியில் ஒரு போலிச் சரக்கு



1989 வாக்கில் ஒரு நாள். வேகவதிக் கரைப் பக்கமிருந்து வரும் மாணவன் ஒருவன், "சார், கறுப்புப் பட்டாம்பூச்சியும் சிவப்புப் புள்ளி போட்டதும் ஜோடி சேர்ந்திருந்தது சார்" என்றான். "வேற வேற இனம் ஜோடி சேராதுடா, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று இயற்கைத் தேர்வு பாடம். இங்கிலாந்தின் புகைக்கரி படிந்த மரத்தையும் அந்துப்பூச்சியையும் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன்.

அவன் பார்த்தது கறிவேப்பிலை அழகி. நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுமே, அதுதான். சின்னப் புழு காக்கை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்ததும் இலைப் பச்சை. (மருந்தடித்துக் கொன்றவர்களில் நானும் ஒருவன்.) ஆண் கறுப்பு, பின்னிறகில் வெள்ளைப் பட்டை. பெண்ணில் மூன்று வகை. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் வேறு இரண்டு பட்டாம்பூச்சிகளின் வேடம் போட்டவை: ரோஜா அழகி, சிவப்புடல் அழகி. அந்த இரண்டும் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி தின்று வளர்ந்து உடம்பில் நஞ்சு சேர்த்தவை. ஒருமுறை கொத்திய பறவை மறுபடி தொடாது.

இந்தப் பெண்களைத் தனித்தனி இனம் என்றே ஐரோப்பிய அறிஞர்களும் பெயர் வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே இனம், பெண் வேடமிடுகிறது என்று 1865-ல் விளக்கியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே வாலஸ்தான். பிறகு ஃப்ரையர் என்பவர் இலங்கையில் தலைமுறை தலைமுறையாக இவற்றை வளர்த்துப் பார்த்து, 1913-ல் முடிவை வெளியிட்டார். வேடத்துக்கான மரபுக்கூறு ஆணிடமும் உண்டு, ஆனால் வெளியே தெரியாது. அது 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணுவின் வேலை என்று 2014-ல் பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

சிவப்புடல் அழகி இந்தியா, இலங்கைப் பக்கத்துப் பூச்சி. அது இல்லாத மலாய் நாட்டில் அந்த வேடமும் இல்லை. அசல் இல்லாத ஊரில் போலி எப்படி விலை போகும்?

எல்லாப் பெண்ணும் ஏன் வேடம் போடவில்லை என்று கேட்பீர்கள். நம் ஊர்க்காரருக்கு இது சுலபம். சந்தையில் போலி ஜரிகை பெருகினால் அசல் காஞ்சிப் பட்டையும் யாரும் நம்பமாட்டார்கள் அல்லவா? போலி பெருகினால் பறவையும் துணிந்து கொத்திவிடும்.

அடையாளம் சொல்கிறேன்: உடம்பு சிவப்பென்றால் அசல், கறுப்பென்றால் நம் கறிவேப்பிலைப் பெண்.

அந்த மாணவனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. நீ பார்த்தது சரிதான்.