கணக்கேட்டைத் திறக்கச் சொன்னவர்கள்

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் நகரம் ஒரு காலத்தில் உலகின் மோட்டார்த் தலைநகரம் எனப் பெயர் பெற்றிருந்தது. அங்கே 1945ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தொழிலாளர் விந்தையானதொரு கோரிக்கையை எழுப்பினர். கூலியை 100க்கு 30 வீதம் உயர்த்த வேண்டும் என்பது அதன் முற்பாதி. எந்த நாட்டிலும் கேட்பதுதான். வண்டியின் விலையை ஏற்றாமலே அக்கூலியைத் தரவேண்டும், இயலாதெனில் கம்பெனி தன் கணக்கேடுகளைத் திறந்து காட்டவேண்டும் என்பது பிற்பாதி. அமெரிக்க மோட்டார்த் தொழிலின் பிற்காலத் துன்பங்களுள் பல, இந்தப் பிற்பாதிக்குக் கிடைத்த விடையிலிருந்தே கிளைத்தன என்பது நம் கருத்து.

இவ்வாறு கேட்கும் துணிவு அவர்களுக்கு எப்படி வந்தது? ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அச்சங்கத்தைக் கம்பெனி ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. தொழிலாளரிடையே ஒற்றர்களை வைப்பதற்கென்று 1934 முதல் 1936 வரை ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவிட்டது என்பதை அமெரிக்கச் செனட் சபையின் விசாரணைக் குழுவே வெளிப்படுத்தியது. கூலியைக் காட்டிலும் வேலையின் வேகமே தொழிலாளரை வாட்டியது. ஓடும் தொடர்வரிசையின் வேகத்தை மேற்பார்வையாளர் கூட்டிக்கொண்டே போவார். கை சோர்ந்தவனுக்கு வாசல் திறந்திருக்கும்.

1936 டிசம்பர் 30ஆம் நாள் பிளின்ட் நகரத் தொழிலாளர் வெளியேறி வாயிலில் நிற்பதற்கு மாறாக, ஆலைக்குள்ளேயே அமர்ந்துவிட்டனர். வெளியே நின்றால் வேறு ஆட்களை வைத்து வேலையை நடத்திவிடலாம். இயந்திரத்தின் அருகே அமர்ந்தவனை என் செய்வது? உள்ளே மது கூடாது, இயந்திரங்களைச் சேதப்படுத்தலாகாது எனத் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டனர். ஜனவரி 11ஆம் நாள் கம்பெனி ஓர் ஆலையின் வெப்பமூட்டும் வசதியை நிறுத்தியது. மிச்சிகனின் குளிர் எத்தகையது என்பதை இமயத்தின் அடிவாரத்தில் பணிபுரியும் நம் நேயர் உணர்வர். போலீஸார் கண்ணீர்ப்புகை வீசினர். தொழிலாளர் தீயணைக்கும் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சியும், வண்டிக் கதவின் கீல்களை எறிந்தும் எதிர்த்தனர். அவர்தம் மனைவியரும் சகோதரியரும் தனிப்படையாகத் திரண்டனர். கவர்னர் பிராங்க் மர்பி ராணுவக் காவற்படையை அழைத்தும், தொழிலாளரை வெளியேற்ற அதனை ஏவ மறுத்துவிட்டார். 44ஆம் நாளில் கம்பெனி பணிந்து சங்கத்தை ஏற்றது.

அந்தச் சங்கம்தான் 1945இல் கணக்கேட்டைக் கேட்டது. கேட்கச் செய்தவர் வால்டர் ரூதர். கூலியை உயர்த்திவிட்டு அதைக் காரணம் காட்டி விலையையும் ஏற்றினால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்ததாகும்; ஆதலின் வண்டி வாங்குவோருக்காகவும் சங்கம் வாதாட வேண்டும் என்பது அவர் கொள்கை. கம்பெனியோ, விலை நிர்ணயம் உரிமையாளரின் அதிகாரம் என்று உறுதியாக நின்றது. 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் 113 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில் மணிக்கு 18½ சென்ட் உயர்வு கிடைத்தது. ஏடுகள் திறக்கவில்லை.

1950இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. 'டெட்ராய்ட் உடன்படிக்கை' என்று அதற்குப் பெயர் சூட்டினர். மாதம் 125 டாலர் ஓய்வூதியம் (அரசாங்கம் தரும் பகுதியும் இதில் அடக்கம்), மருத்துவக் காப்பீட்டுச் செலவில் பாதி, விலைவாசியோடு ஏறும் படி ஆகியன தொழிலாளருக்குக் கிடைத்தன. இந்தப் படியை விளக்க வேண்டியதில்லை; ஜாம்ஷெட்பூரிலும் பம்பாயிலும் பஞ்சப்படி என்று நம்மவர் சொன்னது இதன் உறவே. மாற்றாக, எந்த வண்டியைச் செய்வது, என்ன விலைக்கு விற்பது என்பனவற்றில் சங்கம் தலையிடுவதை விட்டது. 1956இல் ரூதர் இந்தியாவுக்கு வந்தபோது உலகம் வியக்கும் தொழிற்சங்கத் தலைவராகவே வந்தார்.

குறை எங்கே இருந்தது? முதியோரையும் நோயாளரையும் காக்கும் சுமை அரசாங்கத்தின் மீது விழாமல் ஒவ்வொரு கம்பெனியின் தலையிலும் தனித்தனியே ஏறியது. அனைவருக்கும் அரசாங்கக் காப்பீடு வேண்டும் என்றே ரூதரும் விரும்பினார், அது கைகூடவில்லை. நாட்டின் மோட்டார்ச் சந்தையில் பாதி ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்தவரை சுமை தெரியவில்லை. 1973இல் பெட்ரோல் விலை உயர்ந்தது. ஜப்பானியச் சிறு வண்டிகள் பெருகின. பெரிய வண்டியில் பெரிய லாபம் என்ற பழக்கத்தை அமெரிக்கக் கம்பெனிகள் எளிதில் விடவில்லை. 2005 வாக்கில், வண்டி ஒன்றுக்கு 1,500 டாலருக்கு மேல் மருத்துவச் செலவு ஆகிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் முறையிட்டது. தொழிலாளரின் பேராசையே தொழிலைக் கெடுத்தது என்ற பேச்சும் எழுந்தது. எந்த வண்டி செய்வது என்று தீர்மானிக்க அனுமதிக்கப்படாதவர்கள் மீது அவ்வண்டி விலைபோகாத பழியைச் சுமத்துவது நியாயமன்று.

2008 நவம்பரில் மூன்று பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் அரசாங்க உதவியை நாடித் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்றனர். சென்றது தனித்தனி விமானங்களில்! அடுத்த மாதம், தம் நிலையையும் திட்டங்களையும் எழுதிக் காங்கிரஸின் முன் வைக்கும்படி ஆயிற்று. தொழிலாளருக்கு மறுத்ததை 63 ஆண்டுகள் கழித்துக் கடன் கேட்பதற்காகக் காட்டினர் எனலாம். 2009இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றம் புகுந்தன. தொழிலாளர் பஞ்சப்படியை இழந்தனர். புதிதாகச் சேர்ந்தோர் பழையவரின் கூலியில் ஏறத்தாழப் பாதிக்கு வேலை செய்யும் முறை 2007 முதலே வந்திருந்தது. சங்கத்தின் உள்ளும் அழுக்கு சேர்ந்தது: உறுப்பினர் பணத்தை முறைகேடாகச் செலவிட்ட வழக்கில் முன்னாள் தலைவர் இருவருக்கு 2021இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

2023 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு, கிரைஸ்லரின் வழிவந்த ஸ்டெல்லாண்டிஸ் ஆகிய மூன்றின் மீதும் சங்கம் ஒருங்கே வேலைநிறுத்தம் தொடுத்தது. இதற்குமுன் அவ்வாறு செய்ததில்லை. ஆறு வாரங்களில் 100க்கு 25 வீதக் கூலி உயர்வும், இழந்த பஞ்சப்படியும் கிடைத்தன. 2007க்குப் பின் வேலையில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் மட்டும் திரும்பி வரவில்லை.