மாஸ்ற் கலத்தின் வரலாறு

ஒரு பொருளுக்கு இட்ட பெயர் நிலைத்துவிட, அப்பெயருக்குக் காரணமான கருத்து பிழையெனக் கழிந்து போதல் விஞ்ஞான வரலாற்றிற் புதுமையன்று. மாஸ்ற் கலம் என வழங்கும் உடற்கலத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1878ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்திற்குப் போல் ஏர்லிக் என்னும் 24 வயது இளைஞர் தமது வைத்தியப் பட்ட ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். நிலக்கரித் தாரிலிருந்து பெறப்பட்ட அனிலீன் சாயங்கள் அந்நாளில் ஆடைகளுக்கு நிறமூட்டப் பயன்பட்டன. ஏர்லிக் அவற்றை உடலின் இழையங்களுக்கு ஊட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். சில கலங்களினுள்ளே செறிந்து கிடந்த சிறுமணிகள், ஊட்டிய சாயத்தின் நிறத்தைக் கொள்ளாது வேறொரு நிறங் காட்டின. இவை மிகுதியாக உணவுண்ட கலங்களென அவர் கருதினார். ஆதலால், கொழுக்க ஊட்டுதலைக் குறிக்கும் 'மாஸ்ற்' என்னும் ஜேர்மன் சொல்லால் அவற்றிற்குப் பெயரிட்டார்.

அம்மணிகள் உணவல்ல என்பது பின்னரே தெளிவாயிற்று. குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் அவற்றில் உண்டென்று 1937இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் காட்டினர். 1953இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் ரைலி, வெஸ்ற் என்னும் இருவர் ஹிஸ்ரமீனும் அங்கேயே இருப்பதைக் கண்டனர். ஒவ்வாமையால் தோல் தடித்து அரிப்பதற்கும் மூக்கு ஒழுகுவதற்கும் ஏதுவான பொருள் இது. உணவுக் களஞ்சியமென எண்ணப்பட்ட கலம் படைக்கலக் கொட்டிலாக விளங்கலாயிற்று.

ஏர்லிக்கின் மற்றொரு கருத்தும் இவ்வரலாற்றோடு பிணைந்துள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஆடுகளின் உடலில் வேறு ஆடுகளின் குருதியைச் செலுத்தினார். அயற்குருதியை அழிக்கும் பிறபொருளெதிரிகள் தோன்றின. சொந்தக் குருதியை அழிப்பவை தோன்றவில்லை. உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சுகின்றது என்று அவர் முடிவு செய்தார். உடலின் உள்ளொழுங்கு சிதைந்தால் அபாயம் நேரலாம் என்பதை அவர் மறுத்தாரல்லர். ஆயினும் பின்வந்தோர் பலர் அக்கருத்தை மீற முடியாத விதியாகவே கொண்டனர். 1956இல் இலண்டனில் ரொயிற், டோனியாக் முதலியோர், தைரொயிட்டுச் சுரப்பி நோயுற்றோரின் குருதியில் அச்சுரப்பியையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைக் கண்டனர். அன்று முதல் அவ்விதியின் ஆட்சி தளர்ந்தது.

ஏர்லிக்கின் கலமும் கருத்தும் ஒருங்கே வந்து சேரும் இடம் ஸ்கிளிரோடேர்மா என்னும் நோயாகும். இதில் உடலின் காவற்படை உடலையே பகைக்கின்றது. நார்களை ஆக்கும் கலங்கள் அளவின்றித் தொழிற்பட, தோல் இறுகி விரல்கள் மடங்க மாட்டாதனவாகின்றன. சிலருக்கு நுரையீரலும் தடித்து மூச்சு முட்டுகின்றது. நோயின் தொடக்கத்தில் தோலிலே மாஸ்ற் கலங்கள் பெருகி, மணிகளை வெளியே சிந்தியிருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். அம்மணிகளிலுள்ள ரிப்ரேஸ் என்னும் நொதியம் நார்க்கலங்களைத் தூண்டுவதும் அறியப்பட்டுள்ளது.

எனின், நோய்க்கு மூலம் மாஸ்ற் கலமேயோ? அங்ஙனம் துணிந்து கூறுதற்கில்லை. எலிகளில் நடத்திய சில சோதனைகளில், மணிகள் சிந்தாது தடுக்கும் மருந்து நார்ப்பெருக்கத்தைக் குறைத்தது. வேறு சிலவற்றிலோ, மாஸ்ற் கலமே இல்லாத எலிகளுக்கும் தோல் தடித்தது. ஆகவே, அது தீயை மூட்டுவதோ, மூண்ட தீக்கு நெய் வார்ப்பதோ என்பது இன்னும் வழக்காகவே உள்ளது. இவ்வழக்கின் தீர்ப்பு நோயாளருக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. எக்கலத்தை அடக்க மருந்து தேடுவது என்பது அதனையே பொறுத்தது.

ஏர்லிக் கண்ட நிறம் இன்றும் மெய். அதற்கு அவர் கூறிய பொருளே மாறிற்று. காட்சியையும் ஊகத்தையும் வேறு பிரித்துப் போற்றும் பொறுமையே இவ்வழக்கையும் ஒருநாள் தீர்த்து வைக்கும்.