பெற்றோல் இறங்கியது, தேயிலையும் இறங்கியது

2015 ஜனவரியைக் குண்டசாலைப் பக்கம் ஆட்டோ ஓட்டுறவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ஆட்சி மாறிய கையோடு 150 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 117 ஆனது. டீசல் 95க்கு வந்தது. மண்ணெண்ணெயும் இறங்கியது. பெற்றோல் ஷெட்டுகளில் ஒரு திருவிழாக் களை. எங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். எண்ணெய் விலை விழுந்தால் நம்ம நாட்டுக்கு லாபம் என்று சமூகக்கல்வி வகுப்பிலும் சொன்னார்கள். இறக்குமதி செய்கிற நாடுதானே, கணக்கு சரியாத்தான் இருக்கு என்று நாங்களும் நம்பினோம்.

அந்தக் கணக்கின் மற்றப் பாதி பல வருடம் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. இந்த மலைகளில் பறிக்கிற கொழுந்தை யார் குடிக்கிறார்கள்? ரஷ்யா, ஈரான், ஈராக், லிபியா, குவைத், சவூதி, ஐக்கிய அரபு இராச்சியம். துருக்கியையும் சிரியாவையும் விட்டுப் பார்த்தால், எங்கள் பெரிய வாடிக்கையாளர்களில் அநேகமானோர் எண்ணெய் விற்றுத்தான் தேயிலை வாங்குகிறார்கள். தரைக்குக் கீழே எண்ணெய் இல்லாத நாடு நாங்கள். ஆனாலும் எங்கள் லயத்து அடுப்பு எரிவதற்கு எண்ணெய்க் காசு தேவைப்பட்டிருக்கிறது.

2014 ஜூனில் ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் 115 டொலர் வரை போனது. அமெரிக்காவில் உற்பத்தி பெருகியது. அந்த நவம்பரில் கூடிய ஒபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைக்க மறுத்தன. 2015 ஜனவரியில் விலை 50க்குக் கீழே, அடுத்த ஜனவரியில் 30க்கும் கீழே. ரஷ்யாவின் ரூபிள் ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்தது. மொஸ்கோ வியாபாரி அதே டொலர் விலைக்குத் தேயிலை வாங்க இரண்டு மடங்கு ரூபிள் எண்ண வேண்டும். அவர் கையைச் சுருக்கினார், கொழும்பு ஏலத்தில் விலை சரிந்தது. 2014இல் தேயிலை ஏற்றுமதியில் இலங்கைக்குக் கிடைத்தது சுமார் 163 கோடி டொலர், அதுவரை காணாத உச்சம். 2015இல் அது சுமார் 134 கோடி, 2016இல் சுமார் 127 கோடி. சிரியாவிலும் லிபியாவிலும் யுத்தம், ஈரான் மீது பொருளாதாரத் தடை என்று வேறு காரணங்களும் இருந்தன. எல்லாவற்றையும் எண்ணெய் தலையில் கட்ட முடியாது. அந்தச் சந்தைகளுக்கு அதிகம் போவது காலி, இரத்தினபுரிப் பக்கத்துக் கீழ்நாட்டுத் தேயிலை என்பதும் உண்மை. ஆனால் ஏலத்தில் சரிவு வந்தபோது மேல்நாடும் எங்கள் கண்டிப் பக்கத்து நடுநாடும் சேர்ந்தே சரிந்தன. நடுநாட்டுத் தோட்டங்கள் ஏற்கெனவே கிழண்டு போனவை. வயசான செடி, குறைந்த விளைச்சல்.

விலை விழும்போது முதலில் யார் தலையில் விழுகிறது என்று கேட்டால், அதற்கு எங்கள் ஊருக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது.

குண்டசாலை ஒரு காலத்தில் அரண்மனை ஊர். 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கனைக் 'குண்டசாலை ராஜா' என்றே சொல்வார்கள். (அவருக்குப் பிறகு கண்டிச் சிம்மாசனம் மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சத்துக்குப் போனது. அது வேறு கதை.) 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1837இல் ஜமேக்காவில் தொழில் பழகிய டைட்லர் என்ற துரை வந்து இந்தத் தும்பறைப் பள்ளத்தாக்கில் கோப்பி பயிரிடும் முறையையே மாற்றினார். அதன்பின் கோப்பிப் பித்து. படை அதிகாரி, நீதவான், மதகுரு என்று காசு வைத்திருந்தவன் எல்லாம் காடு வாங்கினான். தமிழ்நாட்டிலிருந்து மன்னார், தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தே வந்த எங்கள் ஆட்கள் அந்தக் காட்டை வெட்டினார்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம்.

1847இல் பிரித்தானியாவில் பொருளாதார நெருக்கடி. கோப்பி விலை படுத்தது. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின, சில கைவிடப்பட்டன. கூலிகளுக்குச் சம்பளப் பாக்கி. கோப்பியை நம்பியிருந்த அரசாங்கத்தின் வருமானமும் விழுந்தது. அந்தப் பள்ளத்தை அடைக்க ஆளுநர் டொரிங்டன் 1848இல் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார். வருடத்துக்கு ஆறு நாள் ரோட்டு வேலை செய்; இல்லாவிட்டால் காசு கட்டு. கோப்பியால் ஒரு சதம் காணாத கண்டிச் சிங்களக் கிராமத்தவர்கள் கோப்பியின் நட்டத்தைக் கட்ட வேண்டியதாயிற்று. அந்த ஜூலையில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்ட் 8ஆம் தேதி புரன் அப்புவைக் கண்டி போகம்பறையில் சுட்டுக் கொன்றார்கள். பாடப்புத்தகத்தில் அவர் வீரர்; சரிதான். ஆனால் லண்டனில் கோப்பி விலை விழுந்ததற்கும் போகம்பறைத் துப்பாக்கிக்கும் இடையில் ஒரு கயிறு ஓடுகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கோப்பி திரும்ப எழும்பியது. 1869இல் இலையில் மஞ்சள் பொடி கண்டது. 'நாசகார எமிலி' என்று துரைமார் கேலிப் பெயர் வைத்த அந்தப் பூஞ்சணம் இருபது வருடத்தில் கோப்பியைத் துடைத்து எடுத்தது. சிங்கோனா நட்டார்கள், எல்லோரும் நட்டதில் அதன் விலையும் விழுந்தது. பல்லேகலையில் கொக்கோ நட்டார்கள். கடைசியில் தேயிலை நின்றது. பயிர் மாறியது, ஒரே பயிரை நம்புவதும் விலையை எங்கேயோ ஒருவர் தீர்மானிப்பதும் மாறவில்லை.

இப்ப 2015க்குத் திரும்புவோம்.

2013இல் போட்ட கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எல்லாம் சேர்த்து 620 ரூபா. அடிப்படை 450, ஒழுங்காக வேலைக்கு வந்தால் 140, தேயிலை விலைக்கான பங்காக 30. இந்த 30ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் 2015 மார்ச் 31இல் முடிந்தது. தொழிற்சங்கங்கள் 1000 ரூபா கேட்டன. ஏலத்தில் விலையே இல்லை, எப்படித் தருவது என்றன கம்பனிகள். மெதுவாக வேலை செய்யும் போராட்டம், பேச்சுவார்த்தை, மறுபடி போராட்டம். ஒன்றரை வருடம் இழுபட்டு 2016 ஒக்டோபரில் 730 ரூபாவுக்குக் கையெழுத்தானது. அடிப்படை 500, வருகைக்கு 60, கூடுதலாகப் பறித்தால் 140, விலைப் பங்கு அதே 30.

சொந்தக் காணியில் தேயிலை வைத்திருந்த சிறுதோட்டக்காரருக்கு ஒரு கிலோ கொழுந்துக்கு 80 ரூபா உத்தரவாத விலை என்று 2015 தொடக்கத்திலேயே அரசாங்கம் அறிவித்தது. அதில் பிழை சொல்ல மாட்டோம். அவங்களும் கஷ்டப்பட்ட சனம்தான். ஆனால் காணி இருந்தவருக்கு அறிவிப்பு வந்தது. காணி இல்லாமல் நூற்றைம்பது வருடமாக அதே செடியில் கொழுந்து பறித்தவருக்குப் பேச்சுவார்த்தை மட்டும்தான்.

பிறகு எண்ணெய் விலை கொஞ்சம் தலை தூக்கியது, தேயிலையும் தூக்கியது. 2017இல் கொழும்பு ஏலத்தின் சராசரி விலை கிலோவுக்கு 600 ரூபாவைத் தாண்டியது. இரண்டு வருடத்துக்கு முன் அது 400ஐ ஒட்டிக் கிடந்தது. அந்த வருடம் நாட்சம்பளம் எவ்வளவு? அதே 730. விலைப் பங்கு? அதே 30. விலை விழுந்தபோது சம்பளம் கூட்ட முடியாது என்பதற்கு ஏலக் கணக்கைக் காட்டினார்கள். விலை ஏறியபோது ஒப்பந்தத் தேதியைக் காட்டினார்கள். 2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனபோது விலைப் பங்கு 50 ஆனது. வருகைக் காசும் கூடுதல் கொழுந்துக் காசும் அந்தக் கையோடு காணாமல் போயின. 1000 ரூபாவுக்கு 2021 மார்ச் வரை, அதுவும் சம்பள நிர்ணய சபை வழியாக வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

எண்ணெய் எங்கள் லயங்களை இன்னொரு வழியாலும் தொட்டது. தோட்டச் சம்பளம் போதாமல் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன அக்காமார் எங்கள் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். 2014இல் இலங்கையிலிருந்து சுமார் 3 லட்சம் பேர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். 2015இல் அது சுமார் 2 லட்சத்து 63 ஆயிரம். கொழுந்தை வாங்குவதும் எண்ணெய்க் காசு, கொழுந்தை விட்டு ஓடிப் போனால் சம்பளம் தருவதும் அதே எண்ணெய்க் காசு.

2021 டிசம்பரில் இந்த உறவு கடதாசியிலேயே வந்தது. ஈரானிடம் எண்ணெய் வாங்கிய வகையில் இலங்கைக்கு 25 கோடி டொலருக்கு மேல் பழைய கடன். அதை மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாக அனுப்பித் தீர்ப்பதாக உடன்பாடு. செய்தியைப் பார்த்து எங்களில் ஒருத்தரின் அம்மாயி கேட்டார்: "அப்ப எங்க கொழுந்துக்கு எண்ணெயா? இவ்வளவு நாளா மண்ணெண்ணெய காசு குடுத்துத்தானே வாங்குனோம்?"